ஸ்டேஷன் தூணும் கைநழுவிய சம்பந்தியும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் கைகட்டி நின்று எழுதிக்கொண்டது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் தங்கை காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை, பாத்திரங்களிடம்தான் பேசுகிறாள்.

என் மகளுக்கு நீங்கள் பேசி முடித்த சம்பந்தம் என்னால் கெட்டது. மாப்பிள்ளையின் அப்பாவை நான் பார்த்ததே இல்லை என்பதால், "வெள்ளைச் சட்டை, காதோரம் நரை" என்று அடையாளம் சொல்லித்தான் உங்கள் தங்கை ஸ்டேஷனுக்கு அனுப்பினாள். போனேன், வாசலிலேயே தொலைந்தேன் மச்சான்! காலமெல்லாம் தீப்பெட்டி மாதிரி வீடு கட்டின மேஸ்திரி நான்; விக்டோரியா ராணி காலத்துக் கட்டடத்தை இன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மாடி, என்ன குவிமாடம்! வளைவுக்கு வளைவு கல்லில் இலை, கொடி; ஒரு இலை மாதிரி இன்னொன்று இல்லை. மழைத்தண்ணீர் விழுகிற குழாய்க்குக்கூட வாயைப் பிளந்த மிருகம். நானும் வாயைப் பிளந்தேன். டிக்கெட் கூடத்துக்குள் போனால், வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி ஆளுக்கொரு நிறத்தில் நடமாடுகிறார்கள். நடுவில் ஒரு தூண். தூணைக் கண்டால் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்ப்பது என் தொழில் பழக்கம். பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் கைமேல் பட்டது! எட்டிப் பார்த்தால், சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் தூணில் காதை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"கல்லைத் தட்டி என்னங்க கேக்குறீங்க?"

"கல்லா? இது வார்ப்பிரும்பு. மேல பெயிண்ட். கண்ணு தெரியல?"

"மேஸ்திரிகிட்டயே கதை விடாதீங்க!"

"நான் வார்ப்படப் பட்டறை வெச்சிருக்கவன்யா!"

கூட்டம் கூடி, போர்ட்டர் வந்து எங்களைப் பிரித்துவிடுவதற்குள் பிளாட்பாரம் காலி. வண்டி வந்ததே எனக்குத் தெரியாது. கூப்பிட ஆளில்லை என்று அவர் கோபித்துக்கொண்டு ஊருக்கே திரும்பியிருப்பார். பெண் உள்ளே அழுகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள்தான் அவர் வீட்டுக்குப் போய், என் சார்பில் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும். அவ்வளவு அழகாகக் கட்டித் தொலைத்தவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை மச்சான்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கள் மனைவிக்கு வணக்கம்; அவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
முகத்தில் கரி பூசிக்கொண்ட தங்கள் தங்கை கணவன்

பி.கு.: போக வேண்டாம்! இப்போதுதான் சம்பந்தி வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றவர் யார் தெரியுமா? அதே பட்டறைக்காரர்! சட்டையைச் சிவப்பாக்கியது வண்ணக் கண்ணாடி. இவ்வளவு நேரம் கடிகாரக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். என்னைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். பெண்ணும் சிரித்தாள். கல்யாணம் உறுதி. நாள் குறிக்க வரும்போது மறக்காமல் ஒரு காந்தம் கொண்டு வாருங்கள். பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டேன். தூணை விட்டுக்கொடுக்க மாட்டேன்.