ஆறு அங்குலம் இடப்பக்கம்

சுடுதளத்தில் மூன்றாவது சனிக்கிழமையும் குண்டு இலக்கின் நடுவுக்கு ஆறு அங்குலம் இடப்பக்கம் போய் விழுந்தது.

ஜஸ்ரின் துவக்கை மேசையில் வைத்துவிட்டு, அதன் மேலிருந்த, குறிபார்க்கும் ஸ்கோப்பை முறைத்துப் பார்த்தான். போன சனிக்கிழமைதான் இருநூறு மீற்றரில் நடுவட்டத்துக்குச் சரிபண்ணிவிட்டுப் போயிருந்தான். இன்றைக்கும் திருகிச் சரிபண்ணினான். கடைசி ஐந்து குண்டுகளும் நடுவில் விழுந்தன.

அடுத்த சனி, மறுபடி இடப்பக்கம்.

"றோட்டில குலுங்கி அசைஞ்சிருக்கும்" என்று ஸ்கோப்பின் ஆணிகளை இறுக்கினான். பலனில்லை. அதற்கடுத்த வாரம் துவக்குப் பெட்டியைப் போர்வையால் சுற்றி, பின்சீற்றில் வைத்து, சீற்பெல்ற்றும் போட்டு, நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் எழுபது கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து போனான். பின்னால் வந்த லொறிக்காரன் கோர்ன் அடித்தே களைத்துப்போனான். குண்டு இடப்பக்கமே போனது.

விளையாட்டுக்காக அவன் இவ்வளவு பாடுபடவில்லை. போன நவம்பரில் வேலையிடத்து ஆக்களோடு முதல்தடவை மான் வேட்டைக்குப் போயிருந்தான். சுட்டான். மான் விழவில்லை; பின்காலை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் மறைந்தது. பொழுதுபடும்வரை இரத்தத் தடம் பார்த்துத் தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி நிலாணியிடம் மட்டும்தான் அதைச் சொன்னான்.

"இனிச் சுட்டால் ஒரே வெடியில விழவேணும். இல்லாட்டி நான் சுடக்கூடாது."

அவள் அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தேத்தண்ணியை நீட்டியபடி கேட்டாள்: "என்ன, இண்டைக்கும் இடப்பக்கமோ?"

"ஓம். உது பழுதான சாமான்."

"விசையை இழுக்கேக்க மூச்சை அடக்குறனீங்களோ?"

"உமக்கு உதுகளைப்பற்றி என்ன தெரியும்? பேசாமல் இரும்."

அவள் பலகாரத் தட்டை அவன் பக்கம் தள்ளிவைத்தாள்.

ஜஸ்ரின் புது ஸ்கோப் வாங்கினான். கடைக்காரர் அதை மேசையில் ஓங்கித் தட்டிக் காட்டினார்.

"கல்லில விழுந்தாலும் அசையாது. ஆனால் ஒவ்வொருத்தற்ர கண்ணும் தோளும் வேற வேற. உங்களுக்கு நீங்கள்தான் சரிபண்ணவேணும்."

சரிபண்ணினான். ஒரு வாரம் கழித்துப் போய்ச் சுட்டான். அதே ஆறு அங்குலம்.

கண் டொக்ரரிடம் போனான். கண்ணில் குறையில்லை என்றார். அதுதான் அவனை மிகவும் வருத்தியது. ஸ்கோப்பிலும் பிழையில்லை, கண்ணிலும் பிழையில்லை என்றால், பிழை தன்னில்தானே? அந்த மானும் அதனால்தானே நொண்டிப் போனது?

வேட்டைக்கு மூன்று நாள் இருக்கையில், வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கடைசித் தடவையாகச் சுடுதளத்துக்குப் போனான். ஒரு குண்டு சுட்டான். இடப்பக்கம். துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

வார நாட்களில் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவர் மன்னாரைச் சேர்ந்த சீமோன். ஜஸ்ரின் அவரை முன்பு கண்டதில்லை.

"என்ன தம்பி, ஒரு வெடியோட வெளிக்கிடுறீர்?"

"நான் இந்த வருசம் வேட்டைக்குப் போகேல்லை, அண்ணை. சனிக்கிழமை நடுவில விழுத்திப்போட்டுத்தான் போனனான். பிறகு வீட்டில துவக்கு வைக்கிற அலுமாரியைத் திறக்கவேயில்லை. இண்டைக்கு ஆறு அங்குலம் இடப்பக்கம். இன்னொரு சீவனை நொண்டியாக்க என்னால ஏலாது."

சீமோன் பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைக் குனிந்து வாசித்தார். பிறகு நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீர்தானோ நிலாணியின்ர மனுசன்? அந்தப் பிள்ளை துவக்கு லைசன்ஸ் எடுத்த நாள்முதல் ஒவ்வொரு புதனும் இதே துவக்கோட வந்து, 'மனுசன் திருகிப் பழுதாக்கிற ஸ்கோப்பை அவருக்குத் தெரியாமல் நடுவுக்குக் கொண்டுவந்து விடுறன்' எண்டு அஞ்சு குண்டையும் ஒரே ஓட்டைக்குள்ள விட்டுட்டெல்லோ போகுது!"