கிரேன் கட்டிய தனி வூடு

உலகத்திலேயே பேய்க்கு ஷிப்டு போட்ட ஒரே மனிதர் எங்கள் கிரேன்தான். ஹார்பரில் கிரேன் ஓட்டினார், அதனால் அந்தப் பெயர். நிஜப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

திருவொற்றியூரில் மூலைக்கு மூலை பிரவுசிங் சென்டர் முளைத்த காலம் அது. எங்கள் தெரு சென்டரில் வாளும் மந்திரமுமாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இருந்தது. நமக்கென்று ஒரு வீரனை உருவாக்கி, கதைக்குள் உலவவிட்டு வளர்க்க வேண்டும். புதுக் கதையை நாமே கட்டிக்கொள்ளவும் அதில் வசதி உண்டு. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கிரேன் போனார். லீவு நாளெல்லாம் உட்கார்ந்து எண்ணூர் முகத்துவாரத்தையே உள்ளே கொண்டுவந்துவிட்டார். சாம்பல் மேடு, பைப்லைன், படகுத்துறை, ஒன்று பாக்கியில்லை.

அவர் கதையில் ராட்சசனைக் கொல்ல வேண்டுமென்றால் முதலில் கேட் பாஸ் வாங்க வேண்டும். அதற்குக் கியூ வேறு. முதல் நாள் பூராவும் கியூவில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பாஸ் கிடைத்து உள்ளே போனால் ராட்சசனுக்குக் காவல் நிற்கும் பேயைக் காணோம்.

"இன்னா கிரேன், பேய் எங்க?"

"ஷிப்டு முடிஞ்சி போச்சுபா. அதுவும் வூட்டுக்குப் போவ வாணாமா?"

இப்படிப்பட்ட கதையை இரண்டு விதமாகக் கட்டலாம். தனிக் கதையாகக் கட்டினால் எல்லோரும் புது வீரனோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய விளையாட்டின் மேல் கூடுதல் கதையாக ஏற்றினால், ஏற்கெனவே வளர்த்த வீரனைக் கையோடு கூட்டி வரலாம். கிரேன் தனிக் கதைக் கட்சி.

"இன்னொருத்தன் வூட்டு மேல மாடி கட்ட சொல்றியா? அவன் இட்சா நம்மளுதும் பூடும். தனி வூடு தான் கெத்து."

சங்கடம் சலீம் பாய்க்கு. தண்டையார்பேட்டையில் வெல்டர், கிரேனின் உயிர்த் தோஸ்து. சென்டர் திறந்த நாளிலிருந்து ஒரே வீரனைப் பிள்ளை மாதிரி வளர்த்து வந்தார். துபாய் விசா வந்துவிட்டது. கிளம்புவதற்குள் அந்த வீரனோடு முகத்துவாரத்தில் ஒரு தடவை இறங்க வேண்டும் என்று ஆசை.

"புது ஆள வெச்சி ஆடேன் மாமு," என்றார் கிரேன்.

"அது யாரோ நைனா. நான் இல்ல," என்றார் சலீம் பாய். அதற்கு மேல் கேட்கவில்லை.

கிரேன் முகம் தொங்கிப்போயிற்று. மறுநாளே லீவு போட்டார். ஃபோர்மேனிடம் 'வூட்டு வேலை' என்றாராம். தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கட்டியதையெல்லாம் பிரித்து, பழைய விளையாட்டின் மேல் மாடியாக ஏற்றினார்.

பயணத்துக்கு முந்தின நாள் சலீம் பாய் வந்து உட்கார்ந்தார். அவருடைய வீரன் படகிலிருந்து இறங்கினான். வளர்ந்த வீரன் அல்லவா, பேய் ஒரே வெட்டில் காலி, ராட்சசனும் காலி. சொன்ன டீ வருவதற்குள் மொத்தக் கதையும் முடிந்துவிட்டது. போயிற்றே அத்தனை உழைப்பும் என்று நாங்கள் கிரேன் முகத்தைப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு என்ன பாத்துகினு கீறீங்க? வந்தான்ல? அது போதும்," என்றார் கிரேன்.

சலீம் பாய் மறுபடி ஆடவில்லை. வீரனைப் படகுத்துறையிலேயே நிற்க வைத்துவிட்டு, இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். அப்படி ஒரு தோஸ்து எனக்கு வாய்க்கவில்லையே என்று சலீம் பாய் மேல் இன்றைக்கும் பொறாமைதான்.