எட்டுப்பக்கத்தாரும் ஒரு வண்டி மாம்பழமும்

காரைக்காலில் ஒரு கடையைத் திறக்கவிடாமல் செய்யப் புயல் வேண்டாம், வெள்ளம் வேண்டாம். எட்டுப்பக்கத்தார் ஒருவர் போதும்.

பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் நகல் எழுதி ஓய்வு பெற்றவர். எந்த வியாபாரமானாலும் முதலில் எட்டுப் பக்கம் திட்டம் எழுத வேண்டும் என்பது அவர் மதம். யார் வாங்குவார், ஏன் வாங்குவார், போட்டிக்கடை யார், நஷ்டம் வந்தால் என்ன வழி என்று பக்கத்துக்கு ஒரு கேள்வி. இலவசமாகவே கற்றுக்கொடுப்பார். ஒரு பக்கம் முடிந்தால் "வுவலா!" என்று, 'இதோ ஆச்சு' என்பதைப் பிரெஞ்சில் ஒரு கூவல். தம் ஆயுளில் ஒரு வெற்றிலைகூட விற்றதில்லை.

போண்டாக் கடை வைக்க வந்தவளிடம், "ஜனங்களுக்கு ஏன் பசிக்குதுன்னு மொதல்ல எழுதும்மா" என்றார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பிழைத்துக்கொண்டாள். சலூன் வைக்க நினைத்தவனைத் தெருவில் போகிற தலைகளை எண்ணச் சொன்னார். அவன் எண்ணி முடிப்பதற்குள் எதிரிலேயே வேறொருவன் கடை போட்டு, எண்ணிய தலைகளையெல்லாம் சிரைத்துத் தள்ளிவிட்டான்.

இத்தனையும் தெரிந்துதான் நானும் போய் விழுந்தேன். ரைஸ்மில் மூடி எனக்கு வேலை போயிருந்த சமயம். மாமனார் தம் கொல்லையிலிருந்து ஒரு வண்டி மாம்பழம் அனுப்பியிருந்தார். "மாங்கனித் திருநாளுக்கு வித்துக் காட்டுங்க மாப்ளே. முடியலேன்னா இங்க வந்து கொல்லையைக் காவல் காத்துக்கிட்டுக் கெடங்க" என்று வண்டிக்காரனிடம் சேதி.

"அங்க போனா எங்க அண்ணிங்க வாயில விழுந்தே நான் செத்துருவேன்" என்றாள் என் மனைவி.

மாங்கனி அன்று சாமி வீதியில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் மடியேந்திப் பிடிப்பார்கள். இறைப்பதற்கென்றே காலையில் பழம் பறக்கும்.

எட்டுப்பக்கத்தார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எல்லாரும் காலையில விக்கிறான். நீ ஏன் தம்பி அந்தக் கூட்டத்துல போய் விழறே? சாமி தாண்டட்டும். அத்தனை பேர் சரக்கும் தீந்திருக்கும். அப்ப ஊர்லயே பழம் வச்சிருக்கறவன் நீ ஒருத்தன்தான். போட்டிக்கடைப் பக்கத்துல என்ன எழுதுவே?"

"யாருமில்லேன்னுங்களா?"

"வுவலா!"

அந்தப் பக்கத்தின் அழகில் மயங்கி, காலையில் கூடை கூடையாகக் கேட்டவர்களை "அப்பறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். சாமி வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி போனது. கூடைகளைத் திறந்தேன். எதிரே வந்த ஒவ்வொருவர் மடியிலும் மாம்பழம்!

"சாமிக்கு எறைச்ச பழமே மடி கொள்ளல. ஒம் பழம் எதுக்குய்யா?" என்ற ஒருத்தி, பாவம் பார்த்து எனக்கே இரண்டு பழம் கொடுத்துவிட்டுப் போனாள்.

காரைக்கால் அம்மை கேட்டபோது ஒரு பழம் தந்த ஈசன், எனக்கு ஒரு வண்டிப் பழத்தையும் அப்படியே விட்டு வைத்தான். பிறந்தது முதல் வருஷா வருஷம் தலையில் மாம்பழம் விழுந்த எட்டுப்பக்கத்தாருக்கு இது தெரியவில்லை! விழும்போதும் காகிதத்தில் கவிழ்ந்திருந்தால் எப்படித் தெரியும்?

சாயங்காலம் வந்து குவியலைப் பார்த்தார். "நஷ்டம் வந்தா என்ன வழின்னு எட்டாம் பக்கத்துல என்ன எழுதினோம்?"

"அதுக்கு அவசியமே வராதுன்னு நீங்கதானய்யா காலியா விட்டீங்க!" என்று கத்தினேன். காகிதங்களை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மாமனாரிடமிருந்து ஆள் வந்தது. என்னைக் கூப்பிட அல்ல. எட்டுப்பக்கத்தார் விடிந்ததும் அங்கே போய், "மாப்ளே மேல தப்பில்லீங்க. திட்டம் என்னுது. காவலுக்கு நான் வந்திருக்கேன்" என்று நின்றாராம்.

மரங்களில் பழம் தீரும்வரை அங்கேயே கிடந்தார். அங்கும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்ததில் பாதிப் பழத்தை அணில் தின்றது. "இதுக்கு மாப்ளையே தேவலாம்" என்றார் மாமனார். என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

நான் கோயில் வாசலில் தேங்காய்க்கடை போட்டேன், ஒரு வரி எழுதாமல். ஈசன் படியளக்கிறான். எட்டுப்பக்கத்தார் இப்போது இல்லை. மாங்கனி அன்று மாடியில் நின்று முதல் பழத்தைச் சாமியை நினைத்து உயர வீசுவேன். இரண்டாவதை, கீழே எங்காவது ஒரு தலை காகிதத்தில் கவிழ்ந்திருக்குமோ என்று, மெதுவாகத்தான் போடுவேன்.