கட்லர் கரையில் ஒரு பலகை

தேசிய நினைவிடம் என்றால் அதற்கு ஒரு கொடிக்கம்பம், ஒரு கழிப்பறை, ஒரு ரப்பர் முத்திரை ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். நினைவுகூர ஏதாவது இருந்தாலும் ஆட்சேபணை இல்லை. அமெரிக்காவில் ஒகாயோ ஆற்றின் வடகரையிலிருக்கும் கட்லர் கரை தேசிய நினைவிடத்தில் அந்த நாலாவதும் இருந்தது. நினைவிட நலவாரியத்துக்கு அந்த விஷயம் வெகுகாலம் தெரியாமலே இருந்தது. தெரிந்த பிறகுதான் தொல்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே ரேஞ்சராக, அதாவது நினைவிடத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாக, இருந்தவர் ஹார்லன் டோபின். அவரும் ஆரம்பத்தில் எல்லாரையும் போல நாலு வார்த்தை சொல்லிப் பார்த்தார். வருகிறவர்கள் கேட்டால்தானே? ஆளுக்கொரு நீலப் புத்தகம் வைத்திருப்பார்கள். நாட்டிலுள்ள நானூற்றுச் சொச்சம் நினைவிடங்களுக்கும் போய், அந்தந்த இடத்து முத்திரையை அதில் குத்திக்கொள்ள வேண்டும். புருஷன் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். பெண்சாதி ஓடிவந்து குத்திக்கொண்டு ஓடுவாள். கட்லர் கரையில் ஒரு பார்வையாளர் சராசரியாக நாலு நிமிடம் தங்குகிறார் என்று வாரியம் கணக்கெடுத்திருந்தது. அதில் மூன்று நிமிடம் கழிப்பறைக்கானது என்பதைக் கணக்கெடுத்தவர்கள் நாகரிகம் கருதி விட்டுவிட்டார்கள்.

மிச்சமிருந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஹார்லன் ஒரு பலகை வைத்தார். ஆறு வருஷம் நீதிமன்றக் காகிதங்களைக் கிளறி, அவரே எழுதிய பலகை. ஆற்றின் தென்கரையில் ஆடுமாடு போல விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்த பதினொரு அடிமைகள், 1851 பிப்ரவரியில், விடுதலை தேடி, உறைந்துகிடந்த ஆற்றின் மேல் நடந்து இந்தக் கரைக்கு வந்தார்கள். துப்பாக்கியும் நாய்களும் துரத்தின. நடு ஆற்றில் பனிக்கட்டி உடைந்து நாலு பேர் மூழ்கிப்போனார்கள். இவ்வளவுதான் விஷயம். அதற்குக் கீழே பத்துப் பெயர்கள். பதினொன்றாவது வரியில், 'பெயர் வைக்காத குழந்தை, எட்டு நாள்.'

பெயர்களைக் கொடுத்தவர் டெட்ராய்ட்டிலிருக்கும் லுவெல்லா பிரிட்சர்ட் என்ற எண்பத்தொரு வயது அம்மாள். கரைசேர்ந்த ஹெஸ்டர் என்பவளின் வம்சம். அந்தக் குழந்தை ஹெஸ்டருடையது. அவள் கையிலிருந்துதான் அது தண்ணீருக்குள் போயிற்று. வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் எழுதியிருந்ததை நகலெடுத்து அனுப்பிவிட்டு, அந்த அம்மாள் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பிள்ளை எங்க பைபிளைத் தவிர வேற எங்கயும் இல்ல தம்பி. ஒரு வரி போடுங்க. நான் வந்து பாத்துட்டுப் போறேன்." ஹார்லன் வாக்குக் கொடுத்தார். அரசாங்க ஊழியர் ஒருவர் வாக்குக் கொடுப்பதில் உள்ள ஆபத்து அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

பலகை வைத்த மூன்றாம் மாதம் வாரியத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நினைவிடத்துக்கு வரும் எவரும், வரும்போது இருந்ததைவிடக் குறைந்த மகிழ்ச்சியோடு திரும்பிச் செல்லலாகாது. அதை உறுதிசெய்ய ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பார்வையாளர் மகிழ்ச்சி அலுவலர் நியமிக்கப்படுகிறார். கட்லர் கரைக்கு வாய்த்தவர் கெண்ட்ரா வாஸ்லர். முப்பது வயது, கையில் எப்போதும் பச்சை நிறத்தில் ஏதோ ஒரு சாறு, மனசு நிறைய நல்லெண்ணம். இந்த மூன்றாவதுதான் பயங்கரமானது. கெட்ட எண்ணக்காரரோடு சண்டை போடலாம். இவரோடு என்ன செய்வது?

கெண்ட்ரா பலகையை இரண்டு முறை படித்தார். கண் கலங்கினார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க ஹார்லன். அழுகையே வந்துருச்சு. அதுதான் பிரச்சினை."

முதலில் 'அடிமை' போயிற்று. அடிமை என்றால் எஜமான் என்று ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவருடைய பேரப்பிள்ளைகளும் வரி கட்டுகிறவர்கள்தான், அவர்களும் முத்திரை குத்த வருகிறவர்கள்தான். அடுத்து 'விடுதலை தேடி'. தேடினார்கள் என்றால் அது இல்லாமல் இருந்தது என்று பொருள்படும். இந்த நாட்டில் விடுதலை ஆதிமுதல் இருந்துவருவதாக வாரியத்தின் வேறொரு சுற்றறிக்கை கூறுகிறது. துப்பாக்கியைப் பற்றிக் கெண்ட்ரா எதுவும் சொல்லவில்லை, கவனமாக அடித்துவிட்டார். நாய்களுக்கு மட்டும் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் நாயோடு வருகிறார்கள், நாயின் முன்னால் இப்படி எழுதிவைப்பது நியாயமா என்று கேட்டார்.

'மூழ்கிப்போனார்கள்' பக்கத்துப் படகுத்துறைக்காரர் மனதைப் புண்படுத்தும். 'நடந்து வந்தார்கள்' என்று போட்டால் யாராவது நடந்து பார்ப்பார்கள். வாரியத்தின் சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ளாது. மிஞ்சியது, 'பதினொரு பேர் வந்தார்கள்.'

அதையாவது விடக் கூடாதா என்று ஹார்லன் கேட்டார்.

"வந்தாங்கன்னா எங்கிருந்து வந்தாங்க, என்ன ஆவணம் வச்சிருந்தாங்கன்னு கேள்வி வரும். அது குடியேற்றத் துறை சமாச்சாரம். நாம ஏன் அதுல தலையிடணும்?"

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. மிச்சம் பெயர்கள் மட்டும். அவற்றையும் எடுத்துவிடுவார்களோ என்று ஹார்லன் சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பெயர்கள் கெண்ட்ராவுக்குப் பிடித்திருந்தன. ஹெஸ்டர், ஐசம், ஜூனோ, டார்க்கஸ் என்று குடும்பப் பெயர் ஒட்டாமல் இருப்பது நண்பர்களைக் கூப்பிடுவது போல இருக்கிறதாம். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையில்லை, அதனால்தான் அப்படி என்று ஹார்லன் விளக்கினார். அந்த விளக்கம் பலகையில் இல்லாதவரை தனக்கு ஆட்சேபணையில்லை என்றார் கெண்ட்ரா.

கடைசி வரியில் சிவப்புப் பேனா நின்றது. பெயர் வைக்கவில்லை என்றால் பெற்றோர் பொறுப்பில்லாதவர்கள் என்றாகும். எட்டு நாள் என்றால் எட்டாவது நாள் என்ன ஆயிற்று என்று குழந்தைகள் கேட்கும். வரியையே எடுத்துவிடலாம் என்றார். ஹார்லன் அப்போதுதான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். ஒரு கிழவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், பதினொரு வரி இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் இந்தத் தொப்பியை இங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். கெண்ட்ரா பதறிவிட்டார். ஊழியரின் மகிழ்ச்சியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, ஒரு சமரசத்தைக் கண்டுபிடித்தார்.

பலகை புதிதாக வந்தது. வெண்கல நிறம், பொன்னெழுத்து. எல்லாரும் தவறாமல் போகிற இடமென்பதால் கழிப்பறை வாசலுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். உற்சாகமான தலைப்பு வேண்டுமென்று கெண்ட்ராவே ஒன்று போட்டிருந்தார். 'இந்த நினைவிடம் இவர்களால் உருவானது. மனமார்ந்த நன்றி.' கீழே பத்துப் பெயர்கள். பதினொன்றாவது வரியில், 'பெயர் வெளியிட விரும்பாதவர்.'

வாசகத்துக்குப் பொறுப்பு ஏற்பவர் என்ற இடத்தில் ஹார்லன் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் பலகையே கிடையாது. ஏதோ ஒன்று இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். நாட்டில் பாதிக் கையெழுத்து இப்படித்தான் விழுகிறது.

பிப்ரவரியில், ஜனாதிபதிகள் தின விடுமுறையன்று, பிரிட்சர்ட் அம்மாள் வந்து இறங்கினார். தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத் தொப்பி, கையில் ஊன்றுகோல். அன்று பார்த்து இரண்டு சுற்றுலாப் பேருந்துகளும் வந்திருந்தன. முத்திரை மேஜையிலிருந்து வாசல்வரை வரிசை. ஹார்லன் அந்த அம்மாளை முதலில் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகப் பார்த்தார். ஆறு எங்கேயும் ஓடிப்போகாது, பலகையைக் காட்டுங்கள் என்றார் அவர்.

பலகையின் முன்னால் நெப்ராஸ்காவிலிருந்து வந்த டுவேன், மார்லிஸ் என்ற வயதான தம்பதி நின்றிருந்தார்கள். மனைவி மார்லிஸ் உள்ளே போய்விட்டு வந்திருந்தார். டுவேன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர். அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹெஸ்டரின் பெயரை விரலால் தடவுவதைப் பார்த்ததும் மார்லிஸ் அன்பாகப் பேச்சுக் கொடுத்தார். தெரிந்தவர்களா என்று கேட்டார். என் கொள்ளுப்பாட்டிக்கு அம்மா என்றார் பிரிட்சர்ட் அம்மாள்.

"அப்படியா! அந்தக் காலத்துலயே இவ்வளவு பெரிய நன்கொடையா?" என்றார் மார்லிஸ். "நல்ல வசதியான குடும்பம் போல."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேலி இல்லை, அந்த முகத்தில் கள்ளங்கபடமே இல்லை.

"வசதியெல்லாம் இல்ல. ஆனா கையில இருந்ததைக் குடுத்துட்டா."

டுவேனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. கடைசி வரியைக் காட்டி, எல்லாரையும்விட இவர்தான் பெரிய மனுஷர், கொடுத்துவிட்டுப் பெயர்கூட வேண்டாமென்று சொன்னாரே என்று தொப்பியைக் கழற்றினார். அந்தக் குழந்தைக்கு முன்னால் ஓர் அமெரிக்கர் தொப்பியைக் கழற்றியது அதுவே முதல் தடவை.

அம்மாள் அந்த வரியைப் படித்தார். திரும்பப் படித்தார். ஹார்லனுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"இதை நீங்களா எழுதினீங்க?"

"இல்லம்மா. எழுதினது வாரியத்து ஆளுங்க. கையெழுத்து மட்டும்தான் என்னுது."

"ஹெஸ்டரைப் பிடிச்சுட்டு வரச்சொல்லி வாரண்டு போட்ட அதிகாரியும் அதைத்தான் சொன்னாராம். எழுதினது வேற யாரோ, கையெழுத்து மட்டும்தான் என்னுதுன்னு."

ஹார்லனின் சட்டைப்பையில் செருகியிருந்த கறுப்பு மார்க்கர் பேனாவைப் பார்த்து அம்மாள் கையை நீட்டினார். அரசாங்கப் பலகையில் கிறுக்குவது குற்றம். அதற்கு அபராதச் சீட்டு எழுத வேண்டியவரும் ஹார்லன்தான். பேனாவை எடுத்து மூடியைத் திறந்தே கொடுத்தார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

பொன்னெழுத்தை அடித்துவிட்டு அம்மாள் எழுதினார்: 'ஹெஸ்டரின் பிள்ளை. எட்டு நாள்.' பேனாவைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். நடுவில் டுவேன் வாங்கிக்கொண்டார்.

"ஓ, நாமளே எழுதிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கீழே இருந்த இடத்தில் தன் பெயரையும் மார்லிஸ் பெயரையும் ஊர்ப் பெயரோடு பளிச்சென்று எழுதினார். இது முத்திரை வரிசையின் கண்ணில் பட்டது. புத்தகத்தில் குத்துவதைவிடச் சுவரில் எழுதுவது எவ்வளவு மேல்! வரிசை அப்படியே கழிப்பறைப் பக்கம் திரும்பியது. பேனா கைமாறியது. கீழே இடம் தீர்ந்ததும் ஓரங்களில் எழுதினார்கள். ஒருவர் தன் நாயின் பெயரையும் சேர்த்தார். பிரிட்சர்ட் அம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தனியாக ஆற்றைப் பார்த்து நடந்தார்.

ஹார்லன் அறைக்குள் ஓடி, நடந்ததையெல்லாம் கணினியில் தட்டி, பலகையை உடனே சீர்செய்து தர வேண்டுமென்று மன்றாடி, சாட்சிக்கு ஒரு படமும் சேர்த்து வாரியத்துக்கு அனுப்பினார். கழிப்பறைக் குழாய் ஒழுகுவதாக அவர் எழுதியதற்கு இரண்டு வருஷமாகப் பதில் வரவில்லை. இதற்கு இருபது நிமிடத்தில் வந்தது. கட்லர் கரையில் பார்வையாளரின் உற்சாகப் பங்கேற்பைப் படத்தில் கண்டு வாரியம் பெருமகிழ்ச்சி அடைகிறது. இந்த ஏற்பாட்டை எல்லா நினைவிடங்களுக்கும் விரிவுபடுத்த உத்தேசம். பலகையில் இடம் போதாத நிலையில், மேலே ஏற்கனவே இருக்கும் பதினொரு வரிகளை அழித்துப் புதிய பார்வையாளருக்கு இடமளிக்கலாம். ஒப்புதல் படிவம் இணைக்கப்பட்டுள்ளது. அச்செடுத்து, கையெழுத்திட்டு அனுப்பவும்.

படிவம் அச்சாகி வந்தது. கையெழுத்துப் போடுவதா கூடாதா என்று ஹார்லன் யோசித்து முடிப்பதற்குள், பழக்கதோஷத்தில் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. பேனா அங்கே இல்லை. வெளியே வரிசையில் இருந்தது.