ஆறு கிலோ ஹாமும் முப்பத்து நான்கு வருட அனுபவமும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் தம்பி மனைவிக்கு வலது கையில் மாவுக்கட்டு, எனக்கு இடது கையில் மூன்று விரல்களில் தீப்புண் களிம்பு, சமையலறைச் சுவர் பாதி கறுப்பு. மற்றபடி நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நமது குடும்பத்தில் ஒரு வீட்டிலாவது அது நடக்கட்டும்.

விடுமுறை விருந்துக்கு நீ அனுப்பிய ஹாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உப்பிலும் புகையிலும் பதப்படுத்திய முழுப் பன்றித் தொடை, எலும்போடு ஆறு கிலோ. மூன்று வருடமாக இந்த வீட்டு வாசற்படி ஏறாத என் மகள் இந்த விடுமுறைக்குக் கணவனோடு வருகிறேன் என்று தன் அம்மாவிடம் சொன்ன மறுநாளே அவள் அம்மா வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். மகள் ஏன் மூன்று வருடம் வரவில்லை என்று உனக்கே தெரியும். மாப்பிள்ளை ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். இதே சாப்பாட்டு மேசையில், அவர் எதிரிலேயே, "அடுப்பு முன்னாடி நிக்கறதெல்லாம் ஒரு ஆம்பளைக்கு உத்தியோகமா?" என்று நான் கேட்டுவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் எழுந்து போனபிறகு உன் தம்பி மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நீங்க முப்பத்து நாலு வருஷம் காகித ஆலையில பாய்லர் முன்னாடி நின்னீங்களே, அது என்ன?" என்றாள். அந்த மேசையில் மறுபடியும் நாலு பேர் உட்காரவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கை ஒடிந்ததால் இந்தத் தடவை சாப்பாட்டை வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்றாள் உன் தம்பி மனைவி. வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல், வீட்டளவு பெரிய பாய்லரை மேய்த்தவனுக்கு இந்தப் பெட்டி அடுப்பு ஒரு பொருட்டா என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை யாரோ என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஹாமோடு நீ எழுதி அனுப்பிய தாளைப் பற்றி ஒரு வார்த்தை. தோலை நீக்கு, கொழுப்பில் கட்டம் கட்டமாகக் கீறு, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்து, பழுப்புச் சர்க்கரையும் கடுகு விழுதும் ஆரஞ்சுச் சாறும் கலந்து மேலே பூசு என்று அழகாக எழுதியிருக்கிறாய். எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. அக்கா, இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் காகித ஆலையில் இப்படி ஒரு குறிப்பைக் கொடுத்திருந்தால் கொடுத்தவர் வேலை போயிருக்கும். ஆலையில் விதிமுறைத் தாளை பாய்லர் எதிரே சுவரில் ஒட்டிவைப்பது வழக்கம். அப்படியே உன் தாளையும் நாலு மூலையிலும் டேப் போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டினேன். நேரத்தை நானே கணக்குப் போட்டேன். இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் தொடையின் பாதிதான் உள்ளே போனது. காலை ஐந்து மணி முதல் இந்தப் பக்கம் இரண்டு மணி நேரம், பிறகு தலைகீழாகத் திருப்பி அந்தப் பக்கம் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தேன். ஒவ்வொரு கால் மணிக்கும் நோட்டில் குறித்தேன், இடத்தை விட்டு நகரவில்லை. திருப்பும்போதுதான் விரல்கள் வெந்தன. பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நூற்றுப் பன்னிரண்டு கிராம்பு குத்தினேன். மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், "இது மிலிட்டரி அணிவகுப்பா?" என்று கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூச்சைக் கடைசி அரை மணி நேரத்தில் பூசச் சொல்லியிருந்தாய். எந்தப் பூச்சும் காய்ந்து பிடிக்க நேரம் வேண்டாமா என்று முதலிலேயே இரண்டு கோட் அடித்து பத்து மணிக்கு ஓவனில் ஏற்றிவிட்டேன். அதன் சூட்டுத் திருகில் எண்கள் அழிந்துபோய் ஐந்து வருடம் ஆகிறது, நான்தான் நாளைக்கு மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதவுப் பக்கம் கையைக் காட்டிச் சூட்டை மதிப்பிட்டேன், ஆலையில் அப்படித்தான். பதினொரு மணிக்கு வாசனை வந்தது. பதினொன்றரைக்கு வேறு வாசனை வந்தது. பன்னிரண்டுக்குப் புகை வந்தது. கதவைத் திறந்தேன். சர்க்கரை தார் ரோடாகக் கிடந்தது, தொடை பாதியாகச் சுருங்கியிருந்தது, என் நூற்றுப் பன்னிரண்டு கிராம்புகளும் தட்டில் கொட்டியிருந்தன. நான் ஈரத் துணியை வீசிப் புகையை விரட்டிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. மூன்று வருடம் காத்திருந்தது இதற்குத்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மகள் உள்ளே வந்து என்னைப் பார்க்கவில்லை, அம்மாவிடம் என்ன புகை என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளைதான் நேராகச் சமையலறைக்கு வந்தார். தொடையைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், என் நோட்டையும் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். ஆணியில் தொங்கிய ஏப்ரனை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார். கறுப்பையெல்லாம் செதுக்கித் தள்ளி, உள்ளே நாராகப் பிரிந்த கறியை உதிர்த்து, வெங்காயமும் வெண்ணெயும் போட்டு வதக்கினார். நான் கீழே ஊற்றப்போன கொதித்த தண்ணீரில் பாதியை எடுத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து உருளைக்கிழங்கு போட்டு சூப் ஆக்கினார். அது கொதிப்பதற்குள் சுவரில் கைக்கு எட்டிய பாதிக் கரியைக்கூடத் துடைத்துவிட்டார். நான் பக்கத்தில் கரண்டியோடு சும்மா நின்றேன்.

நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு, "அப்பா, உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். மூன்று வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

ஹாமோடு வந்த கடிதத்தில் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள் என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை அக்கா. கேட்கும்படி எதுவும் ஆகிவிடவில்லை. அவரே சொல்லிவிட்டார்: "மாமா, இந்த மாதிரி தொடைய வேக வைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. எங்க கேன்டீன்லயே மூணு பேர் ஒரு நாள் பூரா நிப்போம். நீங்க தனி ஆளா இவ்வளவு பண்ணதே பெரிசு." தொழில் தெரிந்தவர் வாயாலேயே வந்துவிட்டது. எனவே குற்றம் என்னுடையதும் அல்ல, அடுப்புடையதும் அல்ல, உன்னுடைய அரைகுறைத் தாளுடையது என்று முடிவாகிறது. பழையதை அவரும் கிளறவில்லை, நானும் கிளறவில்லை. இனி ஹாம் அனுப்பாதே. உடம்பில் தெம்பில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகள் நன்றாக வளர்ந்து, அடுப்பைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசாமல் நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
களைத்துப்போன உன் தம்பி

பின்குறிப்பு: உன் தாளையும் இதோடு திருப்பி அனுப்பி, நேரம் எழுதாததை நீயே பார் என்று சொல்லத் தேடினேன். சுவரில் இல்லை. உன் தம்பி மனைவி ஏப்ரன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், நாலாக மடித்து இருந்தது. பின்பக்கத்தில் உன் கையெழுத்து: 'தம்பி, இது முழுக்க வெந்த ஹாம். வேக வைக்காதே. மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும்.' நான் சுவரோடு ஒட்டி மறைத்தது அந்தப் பக்கத்தைத்தான். கரியைத் துடைக்கும்போது மாப்பிள்ளை உரித்தெடுத்துப் படித்தாராம், இவளைப் பார்த்தாராம், மடித்துப் பையில் போட்டுக்கொண்டாராம். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு மேசைக்கு வந்து, கேன்டீனில் மூன்று பேர் ஒரு நாள் பூரா நிற்பார்கள் என்று என்னிடம் சொன்னார்.

மேலே உன் தாளைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மன்னிப்பு வேண்டியதில்லை என்று எழுதியதையும் அடித்துவிடு. சட்டை மாற்றிக்கொண்டேன், இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் இவளிடமே யோசனை கேட்டேன். "முன்பக்கத்த மட்டும் பாத்துட்டுப் பேசிட்டேன் மாப்பிள்ளைன்னு சொல்லுங்க, போதும்" என்றாள்.