அரை டம்ளர் மாப்பிள்ளை

காப்பி என் பேச்சைக் கேட்கும் என்று கல்யாண வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு நாலு டம்ளர், கடைசி டம்ளர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. படுத்தால் உடனே தூக்கம். எனக்கு இரும்பு உடம்பு என்று ஒரு நினைப்பு.

அந்த வருடம், நல்ல வரன் அமைய வேண்டும் என்று, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் காப்பியைத் தொடுவதில்லை என மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். முதல் வாரம் தலைவலி. பிறகு பழகிவிட்டது. ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்த கையோடு, கிணத்துக்கடவிலிருந்து பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். போட்டோவிலேயே எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது. (அம்மாவிடம் சொல்லத்தான் வெட்கம்.)

காப்பியை நான்தான் போட வேண்டும் என்றாள் அம்மா. எத்தனை நாள் கழித்து அந்த வாசனை! டிகாஷன் சரியா என்று பார்க்க ஒரு டம்ளர், சர்க்கரை பார்க்க ஒன்று, பயம் தெளிய இன்னொன்று. எனக்கெல்லாம் இது ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

தட்டோடு கூடத்துக்குப் போவதற்குள் நெஞ்சு ரைஸ்மில் மாதிரி அடித்தது. தட்டில் டம்ளர்கள் தாளம் போட்டன.

"ஏன் அம்மணி, பயமா இருக்குதா?" என்றார் பையனின் அம்மா.

"அதெல்லாம் இல்லீங்க" என்று திறந்த வாய் அப்புறம் மூடவில்லை. தவக்காலத்தில் நான் காப்பியை விட்ட கதை, தெருவில் சாக்கடை அடைத்த கதை, கோவில் பாடகர் குழுவில் நான் சுருதி விட்ட கதை, அப்பாவின் குறட்டைக்குப் பயந்து அம்மா தனி ரூமில் படுக்கும் கதை. அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாலேயே கிள்ளினாள்.

பையன் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். காப்பியை மீதி வைத்தால் பெண் பிடிக்கவில்லை என்பது அம்மாவின் தீர்மானம். அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் வாய் நின்றால்தானே?

"காப்பி நல்லா இல்லீங்களா, இல்ல நாந்தான் நல்லா இல்லீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். "ரெண்டும் நல்லா இருக்குதுங்க. நானும் வருசா வருசம் தவக்காலத்துல காப்பிய உட்டுபோடுவேனுங்க. போன ஈஸ்டருக்கு ஆசையா ரெண்டு டம்ளர் குடிச்சுபோட்டு, ஊட்டுக்கு வந்த ஃபாதருக்குக் குழம்பு ஊத்தப் போனேன். கை ஒதறி, அவரு அங்கி மேலயே ஊத்திபோட்டேனுங்க. கொஞ்ச நாள் உட்டா ஒடம்பு பழசையெல்லாம் மறந்துருதுங்க. அரை டம்ளர்ல ஆரம்பிச்சாத் தானா பழக்கத்துக்கு வந்துரும். நீங்க எத்தன குடிச்சீங்க?"

"மூணுங்க."

கூடமே சிரித்தது. அம்மாவும்தான். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அவருடைய அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்தார்.

கல்யாணமாகி இப்போது பழையபடி நாலு டம்ளருக்கு வந்துவிட்டேன், தூக்கமும் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு தவக்காலமும் நாங்கள் இருவரும் காப்பியை விடுவதால், ஈஸ்டர் காலையில் மாமியார் காப்பிப்பொடி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். ஆளுக்கு அரை டம்ளர் அளந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

"இப்பச் சொல்லு கண்ணு, உங்கம்மா இன்னும் தனி ரூம்லதான் படுக்கறாங்களா?"