வலைப்பூவுக்கு யந்திரம் கட்டிய சித்தர்

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் முகூர்த்தம் ஏதும் இல்லை. ஆனாலும் கல்யாண மண்டபத்தில் உட்கார நாற்காலி இல்லை. வாசலில் ஆளுயர பேனர்: ‘வலைப்பூ சித்தர் வருகிறார்! உங்கள் கடையின் இணையப் பக்கத்தைப் பிடித்த தோஷம் விலகும்!’ மனிதர்களைப் பிடித்து அலுத்துப்போன சனி, இப்போது இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது போலிருக்கிறது. சனிக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?

சித்தர் ஒன்றும் மலையிலிருந்து இறங்கி வந்தவர் இல்லை. போன வருஷம் வரை சிலம்பரசன் என்ற பெயரில் செல்போன் உறை விற்றவர். உறை விற்கவில்லை, தாடி வளர்த்தார், தாடி விற்றது.

கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் சின்னக் கடைக்காரர்கள். ஆளுக்கொரு வலைப்பூ வைத்திருந்தார்கள். அதில் தீபாவளிக்கு வாழ்த்து, பொங்கலுக்கு வாழ்த்து, நடுவில் முதலாளியின் பிறந்தநாள். இதைப் படித்துவிட்டு எவன் கடைக்கு வருவான்? வரவில்லை. உடனே என்ன எழுதினோம் என்று யோசித்தார்களா? இல்லை. எந்த நேரத்தில் எழுதினோம் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள்.

சந்திரலேகாவின் கதை வேறு. திருப்பாதிரிப்புலியூரில் அவள் கணவன் ஜெயப்பிரகாஷ் எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருக்கிறான். கடையின் வலைப்பூவை எழுதுவது அவள்தான். போனில் வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார்களோ அதையே எழுதுவாள். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, ஏன்? உப்புத் தண்ணீர்ப் பக்கம் எந்த மோட்டார் தாங்கும்? புகை வந்தால் முதலில் எதை அணைக்க வேண்டும்? கருகிய காயிலைப் படம் பிடித்துப் போடுவாள். படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் படித்தவர்கள் போன் செய்தார்கள். கடை ஓடியது அதனால்தான்.

அதற்கும் வந்தது ஆபத்து. ஜெயப்பிரகாஷ் போன வாரம் சித்தரைப் பார்த்துவிட்டு வந்தான்.

“உன் பதிவெல்லாம் ராகு காலத்துல பொறந்ததாம் லேகா. ஞாயித்துக்கிழம மேடையில வெச்சி அத்தனையும் அழிச்சிடணும். அப்புறம் சாமி ஒரு மந்திரப் பதிவு குடுப்பாரு.”

“அதுல இன்னா இருக்கும் மாமா?”

“நம்பிக்கை, நாணயம், தரம்.”

“எல்லாக் கடைக்கும் அதேதானா? சரி, என்னோடத ஒரு காப்பியாவது எடுத்து வெச்சிக்கிறேன்.”

“காப்பி எடுத்தா தோஷம் காப்பியிலயும் ஒட்டிக்குமாம். அதான் பாஸ்வேர்ட மாத்திட்டேன்.”

சோறு வேகிற நேரத்திலும் துணி காய்கிற நேரத்திலும் அவள் உட்கார்ந்து எழுதிய பதிவுகள் அவை. மனுஷன் நல்லவன்தான். நாலு பேர் தலையாட்டினால் ஐந்தாவதாகத் தானும் ஆட்டுவான், அதுதான் வியாதி.

சித்தர் எல்லாருக்கும் அனுப்பிய யந்திரத்தையும் அவன் கடையின் வலைப்பூவில் ஒட்டிவிட்டான். யந்திரம் என்றால் வேறொன்றும் இல்லை, பக்கத்தைப் பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு பெட்டி. ஒட்டியதிலிருந்து எண் ஏறிக்கொண்டே இருந்தது. போன்தான் ஒன்றும் வரவில்லை.

ஞாயிறு காலை இருவரும் பாசஞ்சர் ரயிலில் கிளம்பினார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. பெட்டியில் எல்லார் போனிலும் படம் நின்றது, பாட்டு நின்றது. சந்திரலேகா தன் போனைப் பார்த்தாள். அதில் திறந்து வைத்திருந்த வலைப்பூவில் யந்திரத்தின் எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது! இன்டர்நெட்டே இல்லாமல் எந்த வழியாக ஆள் வருகிறான்? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அற்புதம் என்பான்.

மண்டபத்தில் சித்தர் இன்டர்நெட் மோடத்தின் மேல் எலுமிச்சம்பழம் வைத்து மந்திரம் முணுமுணுத்தார். பெரிய திரையில் எண்கள் ஏறின. கைதட்டல் காதைப் பிளந்தது. செம்மங்குப்பம் தொழிற்பேட்டைக்குக் கையுறை விற்கும் கோவிந்தசாமி மேடையேறித் தன் பதிவுகளை அழித்தார். எந்த ஆசிட்டுக்கு எந்தக் கையுறை என்று அவர் எழுதிய ஒரே உருப்படியான பதிவும் அதோடு போயிற்று. அடுத்து ஜெயப்பிரகாஷை அழைத்தார்கள். சந்திரலேகாவும் பின்னாலேயே ஏறி மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“சாமி, ஒரு சந்தேகம். இந்த நம்பரு நம்ம பக்கத்தப் பாக்க வர்ற ஆளுங்கதானே?”

“ஆமாம்மா. அமெரிக்கா, ஆப்பிரிக்கான்னு வர்றாங்க.”

“இன்டர்நெட் வழியாத்தானே?”

“பின்ன, டவுன் பஸ்ஸுலயா வருவாங்க?”

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

“அப்ப சரி. எல்லாரும் அவுங்கவுங்க பக்கத்தத் தொறந்து வெச்சிக்கிட்டு, போன்ல ஏரோபிளேன் மோட் போடுங்க.”

போட்டார்கள். சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. மண்டபத்தில் அத்தனை போனும் வாயடைத்தது. எண்கள் மட்டும் ஏறின. மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூடப் பை விற்கும் நூர்முகம்மது எழுந்தார்.

“யா அல்லா! நெட்டே இல்ல, ஆளு மட்டும் வந்துக்கிட்டே இருக்கான். எவன்யா அவன்?”

“அது... சூட்சும ரூபத்துல வர்றாங்க பாய்,” என்றார் சித்தர். தாடி வேர்த்தது.

“சூட்சுமமா வர்றவனுக்கு நான் பைய எந்தத் தோள்ல மாட்டுறது?”

“ஒருத்தரும் வர்லீங்க,” என்றாள் சந்திரலேகா. “கடிகார முள்ளு மாதிரி அது தானா ஓடுற நம்பரு. நீங்க தூங்கினாலும் ஓடும், கடைய மூடினாலும் ஓடும்.”

அதற்குள் சித்தர் ஓடிவிட்டார், சமையல்கட்டு வழியாக. மேடையில் கோவிந்தசாமி குழந்தை மாதிரி அழுதார்.

“என் பதிவெல்லாம் போச்சேம்மா! யாருகிட்ட போயிக் கேப்பேன்?”

அவர் அழுததைப் பார்த்து அவளுக்கும் கண் கலங்கியது. “மறுபடி எழுதுங்க அண்ணே. கடையில நிக்கிறவங்க இன்னா கேக்குறாங்களோ, அதுக்குப் பதில் எழுதுங்க. போதும்.”

ஜெயப்பிரகாஷ் யந்திரத்தை நீக்கிவிட்டு, புதுப் பாஸ்வேர்டை அவள் காதில் சொன்னான்.

வாசலில் நூர்முகம்மது அவளை மடக்கினார். “தங்கச்சி, இவ்ளோ வெவரமா இருக்கியே. நீயே நல்ல யந்திரமா ஒண்ணு குடேன். எங்கியாச்சும் கட்டிக்கிறேன்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு கட்டித்தான் விட்டிருக்கு பாய், கழுத்துக்கு மேல. ஓசியில வந்ததுங்கறதால ஒருத்தரும் ஓட்டிப் பாக்குறதில்ல.”